நடுகல்லுக்கு அப்பால்: ப. சிங்காரத்தின் நாவல்களில் போரிலிருந்து திரும்பியவர்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றிய மலேயாத் தமிழர்களின் போர்க்காலத்தையும் பிற்கால வாழ்வையும் பதிவுசெய்த தமிழ்ப் புனைகதைகளுள் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரண்டும் முதன்மையானவை. இரண்டாவது நாவல் பெற்ற கவனத்தில் சிறு பங்கும் முதல் நாவலுக்குக் கிட்டவில்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் கலைத்தரத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். போரில் மாண்டவனை நினைவுகொள்ள நெடிய இலக்கணம் வகுத்த மரபு, மீண்டு வந்தவனை வைக்க இடமின்றித் தடுமாறுகிறது. விமர்சனமும் அத்தடுமாற்றத்திலிருந்து தப்பவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ப. சிங்காரம், இந்திய தேசிய ராணுவம், நடுகல், காஞ்சித்திணை, வட்டிக்கடை, போர் நினைவு

முன்னுரை

முதல் உலகப்போர் முடிந்தபின் ஆங்கில அரசு இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் சிறிய பளிங்குப் பலகைகளைப் பதித்தது. தமிழகத்திலும் அவற்றைக் காணலாம். ஏறத்தாழ எல்லாப் பலகைகளிலும் ஒரே வாசகம்தான்: இவ்வூரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர். சென்றவர் தொகையும் மாண்டவர் தொகையும் பலகையில் உள்ளன. திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் படிப்பவரே கழித்தறிய வேண்டும். நினைவுச் சின்னத்தில் அவர்கள் கழித்தலின் மீதியாகவே நிற்கின்றனர்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அந்த மீதியை. ஆனால் களம் முதல் உலகப்போர் அன்று. இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியாவில் உருவான இந்திய தேசிய ராணுவம். அப்படையில் மலேயாவில் திரட்டப்பட்ட குடிமக்களுள் பெரும்பகுதியினர் தமிழர்: ரப்பர்த் தோட்டத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள், எழுத்தர்கள். அவர்கள் படையில் இருந்த காலம் இரண்டாண்டு அளவே. அதன்பின் வாழ்ந்த காலம் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள். இலக்கியமும் வரலாறும் அந்த இரண்டாண்டைத்தான் எழுதியுள்ளன. இதற்கு விதிவிலக்காக அமைந்த ஒரு தமிழ் நாவலை, அது விதிவிலக்கு என்பதை உணராமலே நாம் இதுவரை படித்து வந்திருக்கிறோம்.

நடுகல்லின் இலக்கணம்

போரில் இறந்தவனை நினைவுகொள்ளும் முறையைத் தொல்காப்பியம் போல் படிநிலை வகுத்துக் கூறும் பழைய நூல்கள் அரியவை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகள் வெட்சித்திணையின் பகுதியாகவே அங்கு இடம்பெறுகின்றன. கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை அந்நினைவுக்கு ஒழுங்கு உண்டு. இது ஏட்டில் மட்டும் இருந்த இலக்கணம் அன்று என்பதைத் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களும், செங்கம் பகுதியின் நடுகற்களும் உறுதிசெய்கின்றன. மாண்டவனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என நிலம் வழங்கிய செய்தியைக் கல்வெட்டுகள் தருகின்றன.

மீண்டவனுக்கு என்ன இருந்தது? மன்னன் வழங்கும் ‘தண்ணடை’ என்னும் மருதநிலக் கொடை இருந்தது. ‘ஏனாதி’ போன்ற பட்டங்களும் இருந்தன. ஆகவே மரபு அவனை முற்றிலும் கைவிட்டது என்று சொல்வது மிகையாகும். ஆயினும் இவை பரிசுகள். மறுநாள் விடிந்தபின் அவன் எப்படி வாழ்ந்தான் என்பது அவற்றின் அக்கறை அன்று. புண்பட்ட வீரன் திணை இலக்கணத்தில் எங்கு வைக்கப்படுகிறான் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவனுக்குரிய இடம் காஞ்சித்திணை. தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு மாயும் மறம் அங்கு ஒரு துறை. புண்பட்டுக் கிடப்பவனைப் பேயோ பிறரோ அண்டாமல் காப்பதும் துறையே. புண் ஆறி அவன் எழுந்து நடமாடுவதற்குத் துறை இல்லை.

புறநானூற்றின் 281ஆம் பாடலை இவ்விடத்தில் நினைக்கலாம். அரிசில்கிழார் பாடிய அப்பாடலில் பெண்கள் வீட்டில் இரவமர இலையும் வேப்பிலையும் செருகி, யாழும் பிற இயங்களும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிப் புண்பட்ட தலைவனைக் காக்க முனைகின்றனர். சங்கப் பாடல்களில் ஒரு வீரனின் உடல் மீது காட்டப்பட்ட பரிவுக்கு இதைவிட நுட்பமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பாடல் காவலோடு நின்றுவிடுகிறது. அவன் பிழைத்தானா என்பதைப் பாடல் பொருட்படுத்தவில்லை. பிழைத்திருந்தால் அவன் பாடலின் எல்லையை விட்டு வெளியேறியிருப்பான்.

மீண்டவன் மரபுக்கு எத்தகைய சங்கடம் என்பதை வெண்ணிப் போர் காட்டுகிறது. கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அந்த நாணத்தால் வடக்கிருந்து உயிர்நீத்தான். புறநானூறு 65, 66 ஆகிய பாடல்கள் அவனைப் போற்றுகின்றன. வென்ற கரிகாலனைவிட அவன் உயர்ந்தவன் என்ற குறிப்பும் 66ஆம் பாடலில் உண்டு. அவன் அந்தப் புண்ணோடு ஊர் திரும்பி இருபதாண்டு ஆண்டிருந்தால் இப்பாடல்கள் தோன்றியிருக்குமா என்ற கேள்வியை இதுவரை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. கேள்வி சற்று விளையாட்டானதுதான். ஆனால் ப. சிங்காரத்தின் இரு நாவல்களும் அடைந்த வரவேற்பைப் பார்க்கும்போது அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

செங்கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள்

நாவல்களுக்குள் செல்லுமுன் வரலாற்றுப் பின்னணியை ஓரளவு வரையறுத்தல் வேண்டும். 1943 சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. 1944இல் இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் போஸ் சிங்கப்பூர்க் கடற்கரையில் படையின் மாண்ட வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். திரும்பி வந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி செப்டம்பரிலேயே அதைத் தகர்த்தனர். அந்த இடத்தை வரலாற்றுத் தலமாகக் குறிக்கும் பலகை 1995இல்தான் வைக்கப்பட்டது. நடுகல் நட்ட கையோடு பெயர்க்கப்பட்ட படை இது.

1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது வழக்கு தொடங்கியது. 1946 சனவரியில் ஆயுள் நாடுகடத்தல் தண்டனையைத் தளபதி ஆக்கின்லெக் நீக்கினார். பணிநீக்கமும் சம்பள நிலுவைப் பறிமுதலும் மட்டும் நிலைத்தன. படையினர் வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரிக்கப்பட்டனர். விடுதலைக்குப் பின்னும் அவர்கள் இந்தியப் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்ட செய்திகள்.

இங்கு கவனிக்க வேண்டியது வேறு. இந்த வழக்கும் தரம்பிரிப்பும் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து சென்றவர்களைப் பற்றியவை. வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்தும் தோட்டத்து லயத்திலிருந்தும் படைக்குப் போன மலேயாத் தமிழனுக்குத் திரும்பிச் செல்ல ரெஜிமெண்ட் எதுவும் கிடையாது; இழப்பதற்கு நிலுவைச் சம்பளம் கிடையாது; அவனை விசாரிக்கச் செங்கோட்டையும் கிடையாது. அவன் சீருடையைக் கழற்றிவிட்டுப் பழைய வேலைக்குப் போய் நின்றான். அவனை விசாரித்தவர் பழைய முதலாளி.

பின்னாளில் ஒரு விசாரணை வந்தது, அது படிவத்தின் வடிவில். 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் என்பது அதன் பொது விதிகளுள் ஒன்று. இந்திய தேசிய ராணுவத்தினரும் அதன் வரம்புக்குள் வந்தனர். சிறை அல்லது காவல் முகாமுக்கான சான்றோ உடனிருந்தவர் தரும் சான்றிதழோ தேவைப்பட்டது. படை கலைந்தபோது சிதறிப்போன சாதாரணச் சிப்பாய்க்கு இது எளிதன்று. மேலும், சான்று கேட்கப்பட்டது துன்பத்துக்கே. முப்பதாண்டு வாழ்ந்ததற்குச் சான்று எதையும் யாரும் கேட்கவில்லை.

வானாயீனாவின் தீர்ப்பு

‘கடலுக்கு அப்பால்’ 1959இல் கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. அதன் தலைவன் செல்லையா. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் ஆளாக இருந்து, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்தபின் திரும்புபவன். வயிரமுத்துப் பிள்ளை கடை வழக்கப்படி வானாயீனா என்றே அழைக்கப்படுகிறார். அவருடைய மகள் மரகதத்துக்கும் செல்லையாவுக்கும் இடையே அன்பு இருக்கிறது. வானாயீனா அவனுக்கு மகளைத் தர மறுக்கிறார். செல்லையா மரகதத்தை இழக்கிறான். கதை இவ்வளவே.

இச்சுருக்கத்தைக் கொண்டு இதைக் காதல் தோல்விக் கதை என்று வகைப்படுத்துவதே வழக்கமாகிவிட்டது. பாடத்திட்டக் குறிப்புகளிலும் அறிமுகக் கட்டுரைகளிலும் ‘போர்ப் பின்னணியில் ஒரு காதல்’ என்ற வகைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் காணமுடிகிறது. இங்கு ‘பின்னணி’ என்ற சொல்லே கதையைத் தவறவிடுகிறது. வானாயீனா மறுப்பதற்குச் சாதி காரணமாகவில்லை, வறுமையும் காரணமாகவில்லை. செல்லையா படைக்குப் போனவன் என்பதே காரணம். துப்பாக்கி பிடித்தவன் வட்டித்தொழிலுக்கு உதவமாட்டான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். போர் இக்கதையின் முதன்மைச் சிக்கல். காதல் அச்சிக்கல் வெளிப்படும் இடம்.

வானாயீனாவின் எண்ணத்தை மூடத்தனம் என்றோ கொடுமை என்றோ தள்ளிவிட சிங்காரம் இடம் தரவில்லை. வட்டிக்கடையின் உள்ளமைப்பை அறிந்தவர்க்கு இது விளங்கும். அங்கே பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஏறுவரிசை உண்டு. ஒவ்வொரு படியும் பணிவால் ஏறும் படி. சிறுவனாகக் கப்பலேறியவன் கணக்கெழுதவும், வட்டி பிரிக்கவும், ஏச்சை வாங்கிக்கொண்டு முகம் மாறாமல் நிற்கவும் பழகுகிறான். கடன் வாங்கியவனிடம் குரலை உயர்த்தாமல் பணத்தை வசூலிப்பதே தொழிலின் உச்சத் திறன். இத்தகைய இடத்திலிருந்து போய், ஆட்களை நடத்தி, உயிருக்கும் சாவுக்கும் நடுவே முடிவெடுத்துப் பழகியவன் மீண்டும் பெட்டியடியில் அமர முடியுமா? வானாயீனாவின் ஐயம் இது. இது ஒரு தொழில் நிபுணரின் ஐயம். செல்லையாவின் மேல் அவருக்குப் பாசம் இருக்கும்போதே எழும் ஐயம். அதனால்தான் இத்தீர்ப்பு கடுமையானதாகிறது. பகைவன் தரும் தீர்ப்பை எதிர்த்து நிற்கலாம். தன்னை வளர்த்தவர், தன் திறமையை ஒப்புக்கொண்டே, ‘நீ இனி இதற்கு ஆகமாட்டாய்’ என்று சொல்லும்போது எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. செல்லையா என்ன குற்றம் செய்தான் என்று வானாயீனா சுட்டிக்காட்டவில்லை. அவன் என்னவாக மாறிவிட்டான் என்றுதான் அஞ்சுகிறார். போரிலிருந்து திரும்பியவரைச் சமூகம் நோக்கும் பார்வையின் அடிப்படையே இந்த அச்சம். அவர் செய்தது ஊருக்குத் தெரியாது. செய்யக்கூடியது எதுவென்றும் தெரியாது. தமிழகச் சிற்றூர்களில் படையிலிருந்து திரும்பியவரை ‘பட்டாளத்தார்’ என்றும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றும் அழைக்கும் வழக்கத்தை இங்கு நினைக்கலாம். அவ்வழைப்பில் மரியாதை உண்டு. ஓரடி விலகி நிற்றலும் உண்டு. என் சிறுவயதில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார். அவருடைய இயற்பெயரை அவர் இறந்தபின் ஒட்டிய சுவரொட்டியில்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்த் திரைப்படம் இவ்விலகலைச் சிரிப்பால் கடந்தது: மீசையை முறுக்கிக்கொண்டு கேட்பாரற்ற போர்க்கதையைச் சொல்லும் முதியவர் அதன் நிலையான நகைச்சுவைப் பாத்திரங்களுள் ஒருவர். ‘பட்டாளத்துக் கதை’ என்றாலே நம்ப வேண்டாத கதை என்று பொருளாயிற்று.

செல்லையா கதை சொல்பவன் அல்லன். அவன் வேலை கேட்பவன். தன் படைவாழ்வு ஒரு தகுதி என்று அவன் வாதிடுவதில்லை. குறை அல்ல என்று நிறுவுவதற்கே அவனுடைய ஆற்றல் முழுவதும் செலவாகிறது. இதை எழுதிக்காட்டிய துணிவு சிங்காரத்துடையது. 1950களின் தமிழ்ச் சூழலில் நேதாஜியின் படைவீரன் என்றால் மேடையில் மாலையிட வேண்டிய உருவம். அந்த உருவத்தைக் கொண்டுவந்து வட்டிக்கடை வாசலில் நிறுத்தி, மாலைக்கும் பிழைப்புக்கும் தொடர்பில்லை என்பதைக் காட்டியது இந்நாவல். அதன் முடிவும் இந்நோக்கில் பொருள் பெறுகிறது. செல்லையா சாகவில்லை, பழிவாங்கவில்லை, மரகதத்தை அழைத்துக்கொண்டு ஓடவுமில்லை. இழப்பை ஏற்றுக்கொண்டு அதன்பின் வாழப்போகிறான். அவனைப் பற்றி நாவல் சொல்வதில் கொடியது இதுவே.

பாண்டியனின் சாவும் விமர்சனத்தின் விருப்பமும்

‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வெளிவந்தது. வெளிவந்த காலத்தில் பெரிதும் பேசப்படாத அந்நாவலைப் பின்னர் சி. மோகன், ஜெயமோகன் முதலிய விமர்சகர்கள் மீட்டெடுத்துத் தமிழின் தலைசிறந்த நாவல்களின் வரிசையில் வைத்தனர். அம்மதிப்பீட்டோடு எனக்கு முரண்பாடு இல்லை. மெடானிலும் பினாங்கிலும் விரியும் களம், சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நோக்கிப் பாயும் நினைவோட்டம், தமிழ்ப் பழம்பெருமையைக் கிழித்தெறியும் அங்கதம் ஆகியவை அதற்கு முந்தைய தமிழ் நாவல் காணாதவை. மொழியளவில் ‘கடலுக்கு அப்பால்’ அதன் அருகில் நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும் பாண்டியனின் வாழ்க்கைக்கோட்டை நோக்குக. அவனும் வட்டிக்கடையிலிருந்து புறப்பட்டவன்; அவனும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவன். போர் முடிந்ததும் செல்லையா போல அவன் கடைக்குத் திரும்பவில்லை. இந்தோனேசியாவில் டச்சுக்காரருக்கு எதிரான கெரில்லாப் போரில் சேர்கிறான். ஊர் திரும்பும் எண்ணம் வலுப்பெறும் வேளையில் கொல்லப்படுகிறான். அதாவது, அவனுக்குப் ‘பின்’ என்பதே இல்லை. ஒரு போர் முடிந்த இடத்தில் இன்னொரு போர் தொடங்குகிறது. அதுவும் முடியும் இடத்தில் சாவு வந்து அவனைக் காப்பாற்றுகிறது. ‘காப்பாற்றுகிறது’ என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். பாண்டியன் உயிரோடு மதுரைக்கு வந்து இறங்கியிருந்தால் அவன் நிற்க வேண்டியிருந்த வாசல் எது என்பதைச் செல்லையாவின் கதை முன்னமே சொல்லிவிட்டது.

இரு நாவல்களையும் தனித்தனியே படிப்பதைவிட, ஒரே கேள்விக்கு எழுதப்பட்ட இரு விடைகளாகப் படிப்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. மாணிக்கம் என்னும் பாத்திரம் இரண்டிலும் வருவது இப்படிப்புக்கு இடமளிக்கிறது. போருக்குச் சென்ற வட்டிக்கடை இளைஞன் என்ன ஆவான்? முதல் விடை: திரும்புவான், இடம் கிடைக்காது. இரண்டாவது விடை: திரும்பமாட்டான். எழுத்தாளர் முதல் விடையிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்ததைக் கலை வளர்ச்சி என்று மட்டும் சொல்வது போதாது. திரும்பியவனை எழுதுவதில் உள்ள இறுக்கத்திலிருந்து சிங்காரமே விலகினார் என்றும் சொல்ல இடமுண்டு.

விமர்சனம் இதை எப்படி எதிர்கொண்டது? பாண்டியனை அலைகுடியாக, இருத்தலியல் நாயகனாக, கட்டற்ற மனிதனாக வாசித்த கட்டுரைகள் ஏராளம். அவனுடைய சாவு பேசப்பட்டது, வியக்கப்பட்டது, தத்துவமாக விரிக்கப்பட்டது. செல்லையாவோ ‘முதல் முயற்சி’ என்ற பத்தியோடு முடிந்துபோகிறான். பழந்தமிழ்ப் பெருமையை எள்ளி நகையாடிய நாவலின் நாயகனுக்கே நாம் கல் எடுத்திருக்கிறோம். காட்சியும் கால்கோளும் நீர்ப்படையும் வாழ்த்தும் விமர்சனக் கட்டுரைகளில் நிகழ்ந்திருக்கின்றன. இதில் பாண்டியனைக் குறைத்து மதிப்பிடும் நோக்கம் இல்லை. நம் வாசிப்பில் இறந்தவனுக்கு இயல்பாக விழும் கூடுதல் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

நினைவுக்குத் தகுதி பெறும் பிற்காலம்

திரும்பியவர் எவரும் நினைவுகொள்ளப்படவில்லை என்று கூறின் அது உண்மைக்கு மாறாகும். ஜான்சி ராணிப் படைப்பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமி கான்பூரில் மருத்துவராகப் பணியாற்றினார், பொதுவுடைமை இயக்கத்தில் இயங்கினார், 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டார், 2012இல் மறைந்தார். அதே படைப்பிரிவிலிருந்த ஜானகி ஆதி நாகப்பன் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவராகவும் மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். இவர்களின் பிற்காலம் நன்கு பதிவாகியுள்ளது. ஆனால் அது பதிவானதற்குக் காரணம், அது போரின் தொடர்ச்சிபோல் அமைந்ததே. பொதுவாழ்வு என்பது இன்னொரு களம். அக்களத்துக்குச் செல்லாமல் மீண்டும் பால்வெட்டப் போன பெண், சமையலறைக்குத் திரும்பிய பெண், படையில் இருந்ததை மணமகன் வீட்டாரிடம் சொல்லலாமா என்று தயங்கிய பெண் ஆகியோரைத் தமிழ்ப் புனைகதை இன்னும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். செல்லையாவின் நிலைக்கு ஒரு பெண்பால் உண்டு. அதன் கடுமை இருமடங்காக இருந்திருக்க வேண்டும்.

மலேசியத் தமிழ் நாவல் இப்போரை வேறு வழியில் அணுகியது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை சயாம் பர்மா ரயில்பாதையில் மடிந்த தமிழ்த் தொழிலாளரைப் பேசுகின்றன. ரெங்கசாமியின் ‘இமயத் தியாகம்’ இந்திய தேசிய ராணுவத்தைப் பேசுகிறது. இவற்றின் தலைப்புகளே இவற்றின் பணியைச் சொல்லிவிடுகின்றன: சின்னம், தியாகம். காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்க, அதே பாதையில் இறந்த தமிழ்த் தொழிலாளருக்குத் தனித்தனிக் கல் இல்லை என்னும் நிலையில் நாவலே நடுகல்லாக வேண்டியிருந்தது. அத்தேவையைக் குறை சொல்ல முடியாது. கல் இல்லாதவர்க்கு முதலில் கல் நட்டாக வேண்டும். ஆனால் அப்பணியின் அவசரத்தில் மீண்டவரின் கதை மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது.

செல்லையாவைப் படைத்தவரைப் பற்றி ஒரு குறிப்பு. சிங்காரம் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளமையிலேயே மெடான் சென்று வட்டிக்கடையில் வேலைபார்த்து, போர்க்காலத்தை அங்கேயே கழித்தவர். போர் முடிந்து ஊர் திரும்பியபின் மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பணியாற்றினார். படைவீரர் அல்லரெனினும் திரும்பி வந்தவர். மனைவியையும் குழந்தையையும் அக்கரையிலேயே இழந்து, மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியே வாழ்ந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். இரண்டாவது, எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்தே அச்சேறியது. 1997இல் அவர் மறைந்தார். அவருடைய படைப்புகளைப் பற்றிய கட்டுரைகள் பலவும் மெடானையும் பினாங்கையும் விரிவாகப் பேசி, மதுரைக்கு வந்ததும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அந்த நாற்பதாண்டும் அவர் நாள்தோறும் அலுவலகம் சென்று, செய்திகளை எழுதி, மாலையில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.